பூஞ்சை வளர்வது மழையில். அதன் வித்து பறப்பது எப்போது?

கேள்வி இதுதான்: எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம், சுற்றிலும் நெல் வயல். அம்மாவுக்கு ஆஸ்துமா. ஒவ்வாமைப் பரிசோதனையில் பூஞ்சை என்று வந்திருக்கிறது. பூஞ்சை ஈரத்தில் வளர்வதுதானே? அப்படியானால் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் இழுப்பு கூட வேண்டும். ஆனால் தை பிறந்து அறுவடை தொடங்கிய பிறகுதான் அம்மா படாத பாடு படுகிறார். கிராமத்துக் காற்றில் பூஞ்சை வித்துகள் எந்த மாதம் கூடும், எந்த மாதம் குறையும்?

உங்கள் அம்மாவின் உடம்பு சரியாகவே கணக்குப் போடுகிறது. பூஞ்சை வளர ஈரம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் வளர்ந்த பூஞ்சையிலிருந்து வித்து காற்றில் ஏற, பல இனங்களுக்கு ஈரமே தடை. ஈரமான நாட்கள் பூஞ்சையைப் பெருக்கி வைக்கின்றன. அதன் பின்னால் வரும் உலர்ந்த, காற்று வீசும் நாட்கள் வித்துகளைக் கிளப்பிவிடுகின்றன. டெல்டாவில் மழை ஓய்ந்து, பனி தணிந்து, வெயில் ஏறத் தொடங்கும் அதே நேரத்தில்தான் சம்பா அறுவடையும் வருகிறது. மூன்று மாதமாக இலையிலும் தாளிலும் சேர்ந்ததெல்லாம் சில வாரங்களில் காற்றுக்குப் போகிறது. மழைக்காலக் காற்றிலும் வித்துகள் உண்டு. ஆனால் அவை வேறு இனங்கள், அவை பறக்கும் வேளையும் வேறு. ஆகவே எந்த மாதம் என்று சொல்வதற்கு முன் எந்த வித்து என்று கேட்டாக வேண்டும்.

வித்தை வெளிவிடும் முறையை வைத்துப் பார்த்தால் இரண்டு பெரிய கூட்டங்கள் தெரியும். முதல் கூட்டத்தில் கிளாடோஸ்போரியம், ஆல்டர்னேரியா, கர்வுலேரியா, நெல்லில் செம்புள்ளி நோய் தரும் பைபோலாரிஸ், துரு நோய்ப் பூஞ்சைகள், உளுந்திலும் பயறிலும் வரும் சாம்பல் நோய்ப் பூஞ்சை ஆகியவை அடங்கும். இவற்றின் வித்துகள் இலையின் மேல் மெல்லிய காம்புகளின் நுனியில் உலர்ந்த தூளாக நிற்கும். காலைப் பனி காய்ந்து, ஈரப்பதம் இறங்கி, தரை சூடேறிக் காற்று மேலெழும்போது உதிர்ந்து கிளம்பும். காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் கூடத் தொடங்கி, நண்பகலிலும் பிற்பகலிலும் உச்சத்தில் இருந்து, பொழுது சாய்ந்ததும் குறையும்.

இரண்டாம் கூட்டம் தன் வித்தைத் தானே எறிவது. குடைக் காளான்களும், மரத்தில் தட்டுத் தட்டாக ஒட்டி வளரும் காளான்களும், சருகிலும் காய்ந்த தாளிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு பைகளில் வித்தை அடைத்து வைக்கும் பூஞ்சைகளும் இதில் சேரும். காளானில் ஒவ்வொரு வித்தின் அடியிலும் ஒரு நுண்ணிய நீர்த்துளி திரள்கிறது. அது வித்தின் பக்கவாட்டில் படிந்த நீர்ப்படலத்தோடு கலக்கும் நொடியில் பரப்பு இழுவிசை வித்தைத் தெறிக்க வைக்கிறது. பைகளில் வித்தை வைத்திருக்கும் பூஞ்சைகளில் பை தண்ணீரை உறிஞ்சி உப்பி, நுனி திறந்து, வித்துகளைப் பீய்ச்சுகிறது. இரண்டுமே தண்ணீர் இல்லாமல் நடக்காது. அதனால் இந்த வித்துகள் இரவிலும், விடியற்காலையிலும், மழை விட்ட சில மணி நேரத்திலும் பெருகும். நல்ல வெயிலில் ஒடுங்கும்.

இவற்றோடு சேராத சிலவும் இருக்கின்றன. ஃபியூசேரியம், மிளகாயில் பழ அழுகல் தரும் கொலிட்டோடிரைக்கம் போன்றவற்றின் வித்துகள் பிசுபிசுப்பான கூழுக்குள் இருக்கும். காற்று அவற்றை எளிதில் பிரிக்காது. மழைத்துளி விழுந்து தெறிக்கும் சிதறலில்தான் அவை செடிவிட்டுச் செடி போகின்றன.

மழை என்ற ஒரே நிகழ்வு இந்தக் கூட்டங்களை வேறு வேறு விதமாகத் தொடுகிறது. உலர்ந்த வானிலைக்குப் பிறகு விழும் முதல் பெரிய துளிகள் இலையை அதிரவைத்து, அதில் இருந்த உலர்ந்த வித்துகளை ஒரே மூச்சில் கிளப்பிவிடும். சில நிமிடங்களுக்குக் காற்றில் எண்ணிக்கை ஏறும். மழை தொடர்ந்து பெய்தால் அவற்றையே கழுவி இறக்கிவிடும். பிறகு மழை விட்டதும் இரண்டாம் கூட்டம் எழும்பும். கோடையில் இடி மின்னலோடு வரும் மழைக்கு முன்னும் பின்னும் சிலருக்குத் திடீரென மூச்சுத் திணறுவதற்கு இது ஒரு காரணம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 2016 நவம்பர் 21 அன்று இடிமழையோடு வந்த ஆஸ்துமா அலையில் 10 பேர் இறந்தார்கள். அங்கே முதன்மைக் காரணம் புல்லின் மகரந்தம். பிரிட்டனில் 1983இல் பர்மிங்ஹாமில் இதுபோல் நடந்தபோது, பூஞ்சை வித்துகள் அன்று காற்றில் திரளாக இருந்ததை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

அளவும் முக்கியம், ஏனென்றால் எவ்வளவு நேரம் காற்றில் நிற்கும், உடம்புக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் வித்துகள் 2 முதல் 5 மைக்ரான் அளவுதான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அசையாத காற்றில் 3 மைக்ரான் உருண்டை ஒன்று ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு மீட்டர்தான் இறங்கும். 10 மைக்ரான் என்றால் பத்து மீட்டருக்கு மேல். சிறியவை நுரையீரலின் அடிவரை போகும். ஆல்டர்னேரியா வித்து 20 மைக்ரானுக்கு மேல், தடித்த அடியும் குறுக்குச் சுவர்களும் கொண்டது. அது மூக்கிலும் மேல் காற்றுக்குழாய்களிலும் தங்கிவிடும். ஆனால் அதன் உடைந்த துண்டுகள் உள்ளே போகும், அவற்றிலும் ஒவ்வாமைப் புரதம் உண்டு. உலகெங்கும் கடும் ஆஸ்துமாவோடு அதிகம் தொடர்புபடுத்தப்படும் பூஞ்சை இதுதான்.

இதையெல்லாம் எப்படி எண்ணுகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் படித்தால் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றும். காற்றில் உள்ளதை நுண்ணோக்கியில் பார்த்து முறையாகப் பதிவுசெய்த ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று நம் நாட்டில்தான் நடந்தது. கல்கத்தாவில் டி. டி. கன்னிங்ஹாம் சிறை வளாகங்களின் காற்றைப் பிடித்துப் பார்த்து 1873இல் வெளியிட்டார். காலரா காற்றில் வருகிறதா என்பதே அன்றைய கேள்வி. காலராவுக்கு விடை கிடைக்கவில்லை, ஆனால் காற்றில் பூஞ்சை வித்துகள் எப்போதும் இருப்பது தெளிவானது. இன்று பயன்படும் கருவியின் முன்மாதிரியை 1952இல் பிரிட்டனின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஜே. எம். ஹர்ஸ்ட் வடிவமைத்தார். நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை ஒரு சிறு பிளவு வழியே இழுத்து, ஒட்டும் நாடா மேல் மோத வைக்கும். நாடா சுற்றிய உருளை மணிக்கு 2 மில்லிமீட்டர் நகரும், ஒரு வாரத்துக்கு ஒரு சுற்று. நாடாவை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் எந்த மணியில் எது பறந்தது என்று தெரியும். பகல் கூட்டம், இரவுக் கூட்டம் என்ற பிரிவு இவ்வளவு தெளிவானதே இந்தக் கருவியால்தான்.

இன்னொரு முறை, ஊட்டக்கூழ் ஊற்றிய தட்டைத் திறந்துவைத்து முளைப்பதை எண்ணுவது. செலவு குறைவு, நம் கல்லூரிகளில் அதிகம் நடப்பது. ஆனால் தட்டில் முளைக்காதது கணக்கில் வராது. துரு நோய் வித்து செயற்கைக் கூழில் முளைத்து வளராது. பெரும்பாலான காளான் வித்துகளும் அப்படியே. எதிலும் விரைந்து வளரும் அஸ்பர்ஜில்லஸும் பெனிசிலியமும் தட்டை நிறைத்துவிடும். அதனால் தட்டு முறை ஆய்வு அஸ்பர்ஜில்லஸ் முதலிடம் என்றும், நாடா முறை ஆய்வு கிளாடோஸ்போரியமும் காளான் வித்துகளும் முதலிடம் என்றும் சொல்வதை அடிக்கடி பார்க்கலாம். இரண்டும் பொய்யில்லை. ஒரே நேரத்தில், பெரும்பாலும் காலை பத்து மணிக்கு, பத்து நிமிடம் திறந்துவைத்த தட்டை வைத்து ஒரு மாதத்தின் காற்றை முடிவுசெய்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். இரவு முழுவதும் பறந்தவை அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

இனி டெல்டாவின் ஆண்டைப் பார்ப்போம். சித்திரை, வைகாசி வெயிலில் வயல் வெடித்துக் கிடக்கும். பச்சை இலை குறைவு, ஈரம் குறைவு, அதனால் பூஞ்சைக்கு உணவும் குறைவு. அந்தக் காலத்துக் காற்றில் மண்புழுதியோடு வரும் கருப்பு அஸ்பர்ஜில்லஸ் போன்றவை இருக்கும். கோடைமழை ஒன்று பெய்தால் இரண்டு மூன்று நாட்களுக்கு எண்ணிக்கை எகிறி, மறுபடி அடங்கும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று பலமாக வீசுகிறது. பலமான காற்று வித்தைக் கிளப்பும், அதே வேகத்தில் கலைத்து மேலே கொண்டுபோய்விடவும் செய்யும். ஆடிக்காற்றில் கண்ணில் தூசு விழுகிறதே தவிர, ஒரு கன மீட்டர் காற்றில் பூஞ்சை வித்து கூடிக்கிடக்க வேண்டும் என்றில்லை.

மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12 அன்று திறந்து குறுவை நடந்தால், அதன் அறுவடை புரட்டாசியில், சில ஆண்டு ஐப்பசி மழையிலேயே வந்து சிக்கும். அந்த அறுவடையில் காற்றைவிட நெல் குவியல்தான் கவலை. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி இருக்கிறது. மழையில் நனைந்த நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடி, நாட்கணக்கில் வரிசையில் காத்திருக்கும்போது குவியலின் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். அதைக் கிளறிக் காயவைக்கும்போது எழும் தூசு, பக்கத்தில் நிற்பவருக்குத் தையில் வரும் தூசுக்குக் குறைந்ததில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. உலர் வித்துகள் கழுவப்பட்டு, பகல் காற்று ஆண்டிலேயே மிகத் தெளிவாக இருக்கும் நாட்கள் இந்த மாதங்களில் வரும். இரவுகளில் கதை மாறும். வரப்பிலும் வைக்கோல் மக்கிலும் மரத்தடியிலும் காளான் முளைக்கும். தென்னந்தோப்புகளில் மரத்தின் அடியில் பழுப்பு நிறத்தில், விளிம்பு வெளுத்து, பளபளப்பாகத் தட்டுக் காளான் வரும். அது கனோடெர்மா, நம் பக்கத்து விவசாயிகளுக்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்று நன்றாகத் தெரிந்த நோயின் பூஞ்சை. குளிர்நாட்டு மரங்களில் வளரும் இதன் உறவினம் ஒன்றின் பெரிய காளான், ஒரே நாளில் 3,000 கோடி வித்துகள் வரை உதிர்ப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். தோப்பை ஒட்டிய வீடுகளில் மழைக்கால இரவில் தும்மலும் மூக்கடைப்பும் கூடுகிறதென்றால் இந்த வகை வித்துகளையும் நினைக்க வேண்டும். வழக்கமான தோல் பரிசோதனைத் தொகுப்புகளில் காளான் வித்துகள் அதிகம் இருப்பதில்லை. அதனால் பரிசோதனையில் ஒன்றும் வரவில்லை என்பதை வைத்து மட்டும் பூஞ்சை காரணமில்லை என்று முடிவுகட்டக் கூடாது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் நடப்பது தனி விஷயம்: ஓதம் ஏறிய சுவர், மூட்டை அடுக்கிய அறை, காயாத துணி. அங்கே அஸ்பர்ஜில்லஸும் பெனிசிலியமும் வெளியில் என்ன மாதம் என்று பார்ப்பதில்லை.

மார்கழிப் பனி நெல்லுக்குக் குலைநோய்க் காலம். நாள் முழுவதும் மந்தாரம், லேசான தூறல், இரவில் குளிர், இலையில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஈரம் நிற்பது ஆகியவை சேர்ந்தால் நோய் வெடிக்கும். இந்தியாவில் குலைநோய் முதலில் பதிவானது நம் தஞ்சை டெல்டாவில், 1913இல். பெரும் சேதம் 1919இல் இங்கேயே ஏற்பட்டது. இந்தப் பூஞ்சையின் வித்து பேரிக்காய் வடிவில், மூன்று அறைகளோடு இருக்கும். நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டிய இரவில், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் இவை பெரிதும் கிளம்பும். இலையில் உள்ள கண் வடிவப் புள்ளி ஒன்றே ஓர் இரவில் ஆயிரக்கணக்கில் வித்து விடும், அதுவும் பல நாட்களுக்கு. பெரும்பகுதி சில மீட்டருக்குள் விழுந்துவிடும். அதனால்தான் நோய் வயலில் திட்டுத் திட்டாகத் தொடங்குகிறது. யூரியாவை அள்ளிப் போட்ட வயலிலும், பிபிடி 5204 போன்ற எளிதில் தாக்கப்படும் ரகத்திலும் அந்தத் திட்டுகள் விரைவாக ஒன்றுசேரும். மனித ஒவ்வாமைக்கு இந்தப் பூஞ்சையைப் பெரிய காரணமாகச் சொல்வதில்லை. ஆனால் பருவமும் நேரமும் இவ்வளவு கறாராக இணைந்திருக்கும் வேறு வித்தை நம் வயலில் காட்டுவது கடினம்.

தை, மாசிதான் உங்கள் கேள்வியின் மையம். கதிர் முற்றும்போது கீழ் இலைகள் செத்துக் காய்கின்றன. செத்த இலை கிளாடோஸ்போரியம், ஆல்டர்னேரியா, கர்வுலேரியா, நைக்ரோஸ்போரா ஆகியவற்றுக்கு விருந்து. மழைக்காலமும் பனிக்காலமும் அவற்றுக்குத் தேவையான ஈரத்தைக் கொடுத்துவிட்டன. செம்புள்ளி நோய் இருந்த வயலில் அதன் வித்துகளும் சேரும். (1942இல் வங்காளத்தின் நெல்லைத் தாக்கியது இந்தச் செம்புள்ளிதான், அடுத்த ஆண்டுப் பஞ்சத்துக்கு அது எவ்வளவு காரணம், அரசின் கொள்கை எவ்வளவு காரணம் என்ற வாதம் நெடுங்காலமாக நடக்கிறது.) சில கதிர்களில் மணிகள் மஞ்சள் உருண்டையாகி, பிறகு கரும்பச்சைத் தூளாகும் நெற்பழ நோயும் இருக்கும். லட்சுமி நோய் என்று சொல்லி, விளைச்சல் நன்றாக வரும் என்று மகிழ்ந்த காலமும் உண்டு. அந்தத் தூள் முழுவதும் வித்துதான்.

இந்த வயலுக்குள் அறுவடை மெஷின் இறங்குகிறது. கையால் அறுத்துக் களத்தில் அடித்த காலத்தில் வித்துகள் வயல், களம், தூற்றல் என்று நாட்கணக்கில் பிரிந்து கிளம்பின. மெஷின் அறுத்து, அடித்து, பதரை ஊதி எறிவதை ஒரே இடத்தில் சில நிமிடங்களில் செய்கிறது. அதோடு, பனி காய்ந்த பிறகுதான் மெஷின் ஓடும். உலர் வித்துகள் இயல்பாகவே எழும்பும் அதே வேளை அது. அறுவடைத் தூசில் பூஞ்சை மட்டும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நெல்லின் சுணை, மண், பாக்டீரியாவின் நச்சுப்பொருள், உண்ணி எல்லாம் அதில் உண்டு. சுணை காற்றுக்குழாயின் உட்பரப்பை உராய்ந்து எரிச்சலூட்டும்போது ஒவ்வாமைக்காரருக்கு இழுப்பு இன்னும் சுலபமாக வரும். உங்கள் அம்மா படும் பாட்டை முழுவதும் ஆல்டர்னேரியா கணக்கில் எழுத முடியாது. பெரும்பங்கு அதற்கும் கிளாடோஸ்போரியத்துக்கும் இருக்கலாம் என்பதே என் கருத்து. அறுவடை முடிந்ததும் உளுந்தும் பயறும் தலைதூக்கும். பகல் வெயிலும் இரவுக் குளிரும் உள்ள மாசியில் அவற்றின் இலைமேல் சாம்பல் நோய் வெள்ளையாகப் படரும், அதன் வித்தும் பகலில்தான் பறக்கும்.

இந்தக் காலண்டர் ஆண்டுக்கு ஆண்டு நகரும். அணை தாமதமாகத் திறந்தால் நடவு தள்ளும், அறுவடையும் தள்ளும். மார்கழியில் மழை நீண்டால் செத்த இலையில் பூஞ்சை கூடும், தையில் வெயில் அடித்ததும் வித்து கூடும். தமிழ் மாதத்தை மட்டும் நம்பாமல், கடைசி நல்ல மழைக்குப் பின் எத்தனை நாள் உலர்ந்த வானிலை, பக்கத்து வயலில் இன்று என்ன வேலை என்ற இரண்டையும் பார்த்தால் காற்றை ஓரளவு ஊகித்துவிடலாம்.

வைக்கோல் போரைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மாதத்துக்குக் கட்டுப்படாதது. ஈரம் போகாத வைக்கோலைப் போராக அடுக்கினால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகி, போர் தானாகவே சூடேறும். சூட்டைத் தாங்கும் அஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸும், அதைவிட அதிகச் சூட்டில் வாழும் ஆக்டினோமைசீட்டுகளும் அங்கே செழிக்கும். இரண்டாவது சொன்னவை பூஞ்சை அல்ல, பாக்டீரியா வகை. அவற்றின் வித்து ஒரு மைக்ரான் அளவுதான். பிரிட்டனில் பூசணம் பிடித்த வைக்கோலைக் கையாண்ட விவசாயிகளுக்கு வந்த நுரையீரல் நோய்க்கு இவைதான் மூலம் என்பதை 1960களின் தொடக்கத்தில் ராத்தம்ஸ்டெட்டின் பி. எச். கிரிகரி, ஜே. லேசி, மருத்துவர் ஜாக் பெப்பிஸ் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. இதன் அடையாளம் நேரம்: வைக்கோலைப் பிரித்துப் போட்ட 4 முதல் 8 மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல், உடம்புவலி, வறட்டு இருமல், மூச்சிரைப்பு வரும், ஓரிரு நாளில் போகும், மறுபடி போரைத் தொட்டால் திரும்பும். ஃப்ளூ என்று விட்டுவிடுவார்கள், காசநோய் என்றும் அலைவார்கள். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரல் தழும்பாகி இறுகிவிடும். மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போடுபவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் வயதானவர்களும் என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். போரின் உள்பக்கம் வெளுத்துத் தூள் பறந்தால் அந்தப் பகுதியை அம்மா தொட வேண்டாம்.

உள்ளூர் வித்து எவ்வளவு, வெளியூர் வித்து எவ்வளவு என்றும் யோசிப்பீர்கள். மூச்சுக்கு வருவதில் பெரும்பகுதி நம் ஊர் வயலிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் வருவது. ஆனால் மிகத் தூரம் போகும் வித்துக்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு தமிழ்நாட்டிலிருந்தே கிளம்புகிறது. வடஇந்தியச் சமவெளியின் கோடைச் சூட்டில் கோதுமையின் தண்டுத் துரு வித்து பிழைக்காது. அப்படியிருந்தும் அடுத்த ஆண்டுப் பயிரில் நோய் வந்துவிடுகிறது. அது நீலகிரி, பழனி மலைகளின் குளிரில் கோதுமையில் உயிரோடிருந்து மறுபடி சமவெளிக்குப் பரவுகிறது என்று ஆக்ராவின் கே. சி. மேத்தா இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நிறுவினார். 1970களில் எஸ். நாகராஜனும் உடன் ஆய்வாளர்களும் வங்கக் கடலின் புயல்களோடும் தாழ்வு மண்டலங்களோடும் எழும் காற்று அந்த வித்துகளை மத்திய இந்தியாவரை சுமந்து சென்று, மழை அவற்றைக் கோதுமை வயலில் இறக்குவதைக் காட்டினார்கள். நமக்கு மழை கொண்டுவரும் அதே மண்டலங்கள்தான். அந்த வித்து நம் ஊரைக் கடந்தால் நெல்லுக்கு ஒரு கேடும் இல்லை.

இனி அம்மாவுக்குச் செய்ய வேண்டியது. ஐரோப்பிய ஆய்வுகளில் ஒரு கன மீட்டருக்கு ஆல்டர்னேரியா 100, கிளாடோஸ்போரியம் 3,000 என்ற அளவைத் தாண்டினால் ஒவ்வாமைக்காரருக்குத் தொந்தரவு தொடங்கும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆல்டர்னேரியாவின் எல்லை அவ்வளவு தாழ்வாக இருப்பதைக் கவனியுங்கள். எண்ணிக்கையில் கிளாடோஸ்போரியம்தான் முந்தி நிற்கும், ஆனால் ஒவ்வொரு வித்தும் தரும் தொல்லையில் ஆல்டர்னேரியா முந்தும். ஒருவருக்குத் தாங்குவது இன்னொருவருக்குத் தாங்காது என்பதால் இந்த எண்களைச் சட்டமாக எடுக்க வேண்டாம்.

அறுவடைக் காலத்தில் பக்கத்து வயலில் மெஷின் ஓடும் பகலில் காற்று வரும் திசையின் சன்னலைச் சாத்துங்கள், இரவில் திறக்கலாம். மழைக்காலத்தில் இதை மாற்றிக்கொள்ளுங்கள்: பகலில் திறந்து வீட்டை உலரவிட்டு, இரவில் தோப்புப் பக்கத்துச் சன்னலைச் சாத்துங்கள். களத்துக்கும் வைக்கோல் போருக்கும் போக வேண்டிவந்தால் முந்தானையும் துண்டும் போதாது, 3 மைக்ரான் வித்து அதில் நுழைந்துவிடும். முகத்தோடு பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும். மருத்துவர் தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை மழைக்காலத்தில் நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிடக் கூடாது. தை பிறப்பதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, அறுவடைக் காலத்துக்கு மருந்தின் அளவைக் கூட்ட வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். சளியில் பழுப்புக் கட்டிகள் வந்தாலோ, எவ்வளவு மருந்துக்கும் ஆஸ்துமா அடங்காவிட்டாலோ, அஸ்பர்ஜில்லஸ் காற்றுக்குழாயிலேயே குடியேறி ஒவ்வாமை உண்டாக்கும் நோய் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சையே வேறு.

கேட்காததாக இருந்தாலும் கண்ணைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அதே தை, மாசிதான் அதற்கும் காலம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மூன்றே மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேருக்குக் கண்ணில் முன்பே காயம் பட்டிருந்தது. கிருமி வளர்ந்த மாதிரிகளில் ஏறக்குறையப் பாதி பூஞ்சை, அதிலும் முதலிடம் ஃபியூசேரியம். நெல் தாள் கீறிய கண்ணிலும், மெஷின் எறிந்த பதர் பட்ட கண்ணிலும் பூஞ்சை நுழைகிறது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதையும் விட வேண்டாம். மருந்துக் கடையில் சிவப்புக்கு என்று கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கினால் பூஞ்சை கட்டுமீறி வளர்ந்து கண்ணையே பறித்துவிடும். நல்ல தண்ணீரில் கழுவி அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். நேட்டமைசின் சொட்டு மருந்து நேரத்தில் தொடங்கினால் பல கண்களைக் காப்பாற்ற முடிகிறது.

உங்கள் ஊர்க் காற்றை நீங்களே பார்க்க ஆசைப்பட்டால் பெரிய கருவி தேவையில்லை. கண்ணாடிச் சில்லில் வாஸலினை மிக மெல்லியதாகத் தடவி, மழை படாத கூரையின் கீழ் ஒரு நாள் வைத்து, பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறையில் 400 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். குறுக்கும் நெடுக்கும் சுவர் கொண்ட தடித்த பழுப்பு வித்து ஆல்டர்னேரியா, வளைந்து நடு அறை பருத்தது கர்வுலேரியா, கருத்த உருண்டை நைக்ரோஸ்போரா. பெரிய வித்துகள்தான் இப்படி விழுந்து படியும். அஸ்பர்ஜில்லஸ் போன்ற சிறியவை குறைவாகவே தெரியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு சில்லு, அதன் பக்கத்தில் மழை எப்போது பெய்தது, எந்த வயலில் என்ன வேலை, அம்மாவுக்கு அன்று மூச்சு எப்படி என்று நான்கு வரி எழுதுங்கள். ஆடியில் தொடங்கி அடுத்த ஆடிவரை எழுதிய அந்த நோட்டை மருத்துவரிடம் கொடுத்தால், அம்மாவுக்கு எந்த வாரத்தில் மருந்தைக் கூட்டலாம், எப்போது குறைக்கலாம் என்று அவரால் பார்த்துச் சொல்ல முடியும்.